செப்டம்பர் 11-ஆ, 12-ஆ?

சார் வணக்கம்,

நாங்க டெல்லி மயூர் விஹார்ல இருக்கோம். பையன் ஏழாவது. ஸ்கூல் அசெம்பிளில 'வரலாற்றில் இன்று' வாசிக்கிற முறை அவனுக்கு செப்டம்பர் 11 வந்திருக்கு. வீட்டு காலண்டர்ல அன்னிக்கு பாரதியார் நினைவு நாள்னு போட்டிருக்கு, நெட்ல பாத்தா 12-ன்னும் வருது. மிஸ் ரெட்டைக் கோபுரம் மட்டும் போதும்னுட்டாங்களாம். இவனோ பாரதிய யானை மிதிச்சு செத்துப்போனார்னு எழுதி வச்சிருக்கான். எத வாசிக்கச் சொல்றது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பாரதிய கண்டிப்பா வாசிக்கச் சொல்லுங்க. தேதிக் குழப்பத்துக்குக் காரணம் இதுதான். 1921 செப்டம்பர் 11 ஞாயித்துக்கிழமை, அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணி தாண்டி, ஒன்றரை மணி வாக்குல திருவல்லிக்கேணி வீட்டுல உயிர் போச்சு, அதனால மாநகராட்சி பதிவேட்டுல 12-ன்னு இருக்கு. ஆனா நம்ம வீடுகள்ல பொழுது விடிஞ்சாத்தானே அடுத்த நாள், கூட இருந்தவங்களுக்கு அது ஞாயித்துக்கிழமை ராத்திரிதான், அப்படியே 11-ன்னு நின்னுபோச்சு. 2021-ல நூற்றாண்டு வந்தப்போ தமிழ்நாடு அரசு மகாகவி நாள்னு அறிவிச்சதும் செப்டம்பர் 11-ஐத்தான். என்னக் கேட்டா, "11-ஆம் தேதி இரவு, விடிந்தால் 12" அப்படின்னு வாசிக்கட்டும், ரெண்டும் அதுல வந்துடும்.

யானை விஷயத்த மட்டும் தயவுசெஞ்சு மாத்தச் சொல்லுங்க, இத நான் எத்தனையோ மேடையில கேட்டு வருத்தப்பட்டிருக்கேன். பார்த்தசாரதி கோயில் யானை அவரத் தள்ளிவிட்டது நெஜம், அவரோட அன்பர் குவளைக்கண்ணன் தன் உயிரப் பத்தி யோசிக்காம உள்ள பாஞ்சு தூக்கிட்டு வந்தார். ஆனா காயம் ஆறி மறுபடி தான் வேலை பாத்த சுதேசமித்திரன் பத்திரிகை ஆபீசுக்குப் போனார், ஜூலை கடைசில ஈரோடு கருங்கல்பாளையத்துக்குப் போய் 'மனிதனுக்கு மரணமில்லை'ன்னு பேசிட்டும் வந்தார். கடைசில அவரக் கொண்டுபோனது வயித்துக்கடுப்பு. முப்பத்தொம்பது வயசு கூட முடியல. சுடுகாடு வரைக்கும் போனவங்க இருபது பேருக்கு மேல இல்ல.

மிஸ் சொன்னதும் தப்பில்ல, 2001-ல கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் செத்த நாள், அதையும் வாசிக்கணும். ஆனா அதே தேதிலதான் 1893-ல விவேகானந்தர் சிகாகோல பேசினார், 1906-ல ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டர்ல காந்தி கூட்டின கூட்டத்துல அநியாய சட்டத்துக்குப் பணிய மாட்டோம்னு சத்தியம் பண்ணினாங்க, பின்னாடி சத்தியாகிரகம்னு பேர் வாங்கினது அதுதான். 1957-ல பரமக்குடில இம்மானுவேல் சேகரன வெட்டிக் கொன்னாங்க, ராணுவத்துல இருந்துட்டு வந்து தீண்டாமைக்கு எதிரா நின்னவர், அவர் பேர் டெல்லி அசெம்பிளி ஒண்ணுல கேட்டா எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்.

இன்னொண்ணு. அந்தக் கடைசி ராத்திரி பாரதியோட நண்பர் பரலி சு. நெல்லையப்பர் கூட இருந்தார். ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லாகான் பத்தி கட்டுரை எழுதி ஆபீசுக்கு எடுத்துட்டுப் போகணும்னு பாரதி சொல்லிட்டுப் படுத்தாராம். மருந்து வேண்டாம்னவர், எந்திரிக்க முடியாதவர், மறுநாள் வேலையப் பத்திப் பேசியிருக்கார். யானைய எடுத்துட்டு அந்த இடத்துல இத எழுதச் சொல்லுங்க.

ஞாயித்துக்கிழமை முடிஞ்சா கான் மார்க்கெட் பக்கம் சுப்பிரமணிய பாரதி மார்க்ங்கிற ரோட்டோட போர்டையும் அவனுக்குக் காட்டுங்க. எழுதி முடிச்சதும் அனுப்புங்க, பாத்துத் தரேன்.

அன்புடன்