ஜெனரேட்டர் நிற்கிறதா? எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கோபாலபுரத்திலிருந்து மஞ்சி (தென்னை நார்) மில் நடத்தும் வாசகர்: வணக்கமுங்க. எங்க மில்லில் 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இருக்குதுங்க. கரண்ட் போனதும் போட்டால் நல்லா எடுக்குது. முக்கால் மணி நேரம் ஓடினதும் தானா நின்னுபோகுது. பேனலில் எந்த ஃபால்ட்டும் காட்டறதில்லை. கால் மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடி ஓடுது. டீசல் ஃபில்டர் ரெண்டும், ஃபீட் பம்பும் மாத்தியாச்சு. இப்ப மெக்கானிக் நாசிலைக் கழட்டணும்ங்கறாருங்க.

நாசிலை (டீசலைப் பீய்ச்சும் முனையை) தொட வேண்டாம். நாசில் கெட்டால் புகை வரும், இன்ஜின் உதறும், இழுவை குறையும். நன்றாக ஓடிக்கொண்டிருந்து நின்று, கால் மணி நேர ஓய்வில் தானே குணமாவது நாசிலின் குணமல்ல.

அடுத்த முறை நிற்கும்போது பேனலில் ஹெர்ட்ஸ் மீட்டரைக் கவனியுங்கள், அது இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும். சத்தம் ஏறி இறங்கி, 50 என்பது 48, 46 என்று தள்ளாடிப் பிறகு அணைந்தால் டீசல் போதவில்லை என்று பொருள். மீட்டர் 50-இல் ஆடாமல் நின்று, சாவியைத் திருப்பியதுபோல் சட்டென அணைந்தால் கோளாறு மின்சாரப் பக்கம். ஆள் போட்டுக் காவல் காக்க முடியாது. செல்போனை பேனலுக்கு எதிரே நிறுத்தி வீடியோவில் ஓடவிடுங்கள்.

தள்ளாடி நின்றால் முதல் சந்தேகம் டேங்க் மூடி. முக்கால் லோடில் உங்கள் இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ 10, 11 லிட்டர் குடிக்கும். அவ்வளவு டீசல் வெளியேறினால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். அதற்கென்று மூடியிலோ டேங்கின் மேலேயோ ஒரு மூச்சுத் துளை இருக்கும். மஞ்சித் தூளும் டீசல் ஈரமும் சேர்ந்தால் அந்தத் துளை மெழுகு வைத்ததுபோல் அடைத்துக்கொள்ளும். டேங்குக்குள் வெற்றிடம் கூடக்கூட ஃபீட் பம்பால் இழுக்க முடிவதில்லை. நின்ற பிறகு காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகிறது, மறுபடி ஓடுகிறது. நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் விஷயம் முடிந்தது. கேட்காவிட்டாலும் ஒருநாள் மூடியைத் தளர்த்தி, மேலே துணி போர்த்தி, இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் வாயைப் பாருங்கள். கேனிலிருந்து ஊற்றும்போது நார்த் துணுக்குகள் விழுந்திருக்கும். ஓடும்போது அவை குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், நின்றதும் விலகிவிடும். ஃபில்டரை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது, ஏனென்றால் அடைப்பு ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறது. அடிப் பிளக்கைத் திறந்து டேங்கைச் சுத்தமாக வடித்துவிடுங்கள். தண்ணீரும் வழுவழுப்பான பாசியும் சேர்ந்து வந்தால் டேங்கைக் கழுவாமல் புது டீசல் ஊற்ற வேண்டாம்.

மூன்றாவது, காற்று இழுப்பது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே உள்ள கசிவில் டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரம் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான். அந்த இடத்தில் ஓரடி நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் மாட்டி ஓட்டுங்கள். குமிழி வரிசையாக ஓடினால் ரப்பர் ஹோஸையும், பேஞ்சோ போல்ட்டின் (குழாயை இணைக்கும் துளையுள்ள போல்ட்) செப்பு வாஷர்களையும் மாற்றுங்கள். பழைய வாஷரையே இறுக்கிப் பிடிப்பதில் பலனில்லை. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப்போய்ச் சரியாகப் படியாது.

சட்டென அணைகிறது என்றால் ஸ்டாப் சொலினாய்டை, அதாவது மின்சாரத்தால் இயங்கி இன்ஜினை நிறுத்தும் கருவியைப் பாருங்கள். இதில் இரண்டு வகை உண்டு. மின்சாரம் கொடுத்தால் இன்ஜினை நிறுத்துவது ஒன்று. மின்சாரம் இருக்கும்வரை மட்டும் ஓடவிடுவது மற்றொன்று. இரண்டாம் வகையாக இருந்தால் ஒரு நொடி சப்ளை விட்டாலும் இன்ஜின் அணைந்துவிடும். சூட்டில் விரியும் லக் (வயர் முனைக் கிளிப்), பச்சை பிடித்த ஃப்யூஸ் ஹோல்டர், தளர்ந்த ரிலே இவைதான் வழக்கமான குற்றவாளிகள். இந்த இரண்டாம் வகையில், பேட்டரி 12 வோல்ட் என்றால், சொலினாய்டின் இரண்டு முனைக்கும் இணையாக ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பைக் கட்டி, அதுவும் செல்போன் வீடியோவில் தெரியும்படி வையுங்கள். பல்பு அணைந்து பிறகு இன்ஜின் நின்றால் வயரிங் கோளாறு. பல்பு எரியும்போதே நின்றால் சொலினாய்டின் கம்பிச்சுருளில் (காயில்) கோளாறு. வரிசை முக்கியம், நின்ற பிறகு பேனலே சப்ளையை நிறுத்திவிடும், அப்போது பல்பு அணைவதில் தகவல் ஒன்றுமில்லை.

நிற்கும் நேரத்தில் கன்ட்ரோலரின் திரையே இருண்டு மறுபடி வந்தால் பேட்டரி சப்ளையும் எர்த்தும்தான் காரணம். ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். 12.5-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜிங் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை.

மீனாட்சிபுரத்திலிருந்து கல்யாண மண்டப நிர்வாகி: ‘லோ ஆயில் பிரஷர்’ என்று காட்டி நிற்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோடு வரை இருக்கிறது. முகூர்த்த நேரத்தில் நின்றால் மானம் போகும். சென்சார் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா?

கூடாது. அளவு வேறு, அழுத்தம் வேறு. ஆயில் நிறைய இருந்தும் அழுத்தம் இல்லாமல் போகலாம். அப்படி ஓட்டினால் பேரிங் சில நிமிடம்கூடத் தாங்காது.

ஆயில் பிரஷர் ஸ்விட்சை (நீங்கள் சொல்லும் சென்சார்) கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சாதாரண பிரஷர் கேஜ் மாட்டி, பக்கத்தில் ஆள் நிற்க, சூடாகும்வரை ஓட்டுங்கள். 1500 ஆர்.பி.எம்.மில் பல இன்ஜின்களில் 3 முதல் 5 பார் வரை இருக்கும். கேஜ் நிலையாக இருந்தால் ஸ்விட்சோ வயரோதான் கெட்டிருக்கிறது. ஸ்விட்ச் ஒற்றை வயரில் எர்த் கொடுக்கும் வகை என்றால் வயரைச் சோதிப்பது எளிது: ஸ்விட்ச் முனையிலிருந்து கழற்றிவிட்டு, ஓட்டாமல் சாவியை மட்டும் போடுங்கள். அப்போதும் பேனல் ‘பிரஷர் குறைவு’ என்று காட்டினால் வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. சைலன்சர் பக்கம் போகும் வயர்க்கட்டை முதலில் பிரித்துப் பாருங்கள்.

கேஜே இறங்கினால் டிப்ஸ்டிக்கை மறுபடி பாருங்கள். நீங்கள் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் டீசல் உள்ளே கலக்கிறது. முகர்ந்தாலே தெரியும். கசிவை அடைக்காமல் ஆயில் மாற்றுவது காசுக்குக் கேடு.

வேலந்தாவளம் வாசகர்: வெயில் நேரத்தில் ‘ஹை டெம்பரேச்சர்’ என்று நிற்கிறது. தண்ணீர் நிறைய இருக்கிறது. ரேடியேட்டரை வெளிப்பக்கம் நன்றாகக் கழுவிவிட்டோம்.

அழுக்கு உள்பக்கம் இருக்கும். காரில் ஃபேன் காற்றை உள்ளே இழுக்கும். ஜெனரேட்டரில் பெரும்பாலும் வெளியே தள்ளும். ஆகவே தூசி ஃபேன் பக்கத்து முகத்தில்தான் படியும். இன்ஜினின் பிரீதர் (மூச்சுக் குழாய்) விடும் ஆயில் ஆவியும் அதில் சேர்ந்தால் கம்பளி ஒட்டியதுபோல் ஆகிவிடும். பேட்டரி வயரைக் கழற்றி, ஃபேன் கார்டை எடுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, வெளியிலிருந்து உள்நோக்கி மெதுவான அழுத்தத்தில் கழுவுங்கள். வண்டி கழுவும் பிரஷர் கன்னை நெருக்கிப் பிடித்தால் ஃபின் (மெல்லிய தகடு) மடங்கி, இருக்கிற வழியும் அடைபடும். சூடான காற்று வெளியேறும் பக்கம் சுவரோ தகரமோ மறைக்கிறதா என்பதையும் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.