சரக்குப் பட்டியலைப் படித்தீர்களா?

அண்ணா,
எங்கள் சபையின் உபவாசக் கூட்டத்துக்கு வந்த போதகர், வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை வைத்து உலகம் முடியும் வருடத்தையே சொல்லிவிட்டார். அதில் வரும் மிருகத்தின் எண்ணான 666 என்பது ஆதார் எண்ணாம். அம்மா ராத்திரியில் தூங்குவதில்லை. அந்தப் புத்தகம் உண்மையில் என்னதான் சொல்கிறது?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள், பாவம். தேதி குறித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22க்காகக் காத்திருந்தார்கள், மறுநாளும் விடிந்தது. எபிரெயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு; ரோமப் பேரரசன் 'நீரோ சீசர்' பெயரை அதில் எழுதிக் கூட்டினால் 666 வரும் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆதாரை விடுங்கள்.

எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். வீட்டிலேயே வேதாகமம் இருக்க, போதகர் காட்டிய, 666 வரும் 13ஆம் அதிகாரத்தோடு ஏன் நின்றீர்கள்? 18ஐப் புரட்டினால் என்ன?

யோவான் இதை எழுதியது முதல் நூற்றாண்டில், ரோமின் கீழிருந்த ஆசியா மாகாணத்தின், அதாவது இன்றைய மேற்குத் துருக்கியின், ஏழு சபைகளுக்கு. அதில் ஒன்றான லவோதிக்கேயாக்காரர்கள் எங்களுக்கு ஒரு குறையுமில்லை என்று இருந்தவர்கள். அவர்களுக்கு ரோமின் மினுக்கை விலக்கி, உள்ளே இருப்பதைப் பார் என்கிறார். நாளை நடப்பதைவிட, இன்று கண்ணெதிரே இருந்தும் தெரியாததைக் காட்டுவதுதான் தரிசனங்களாக எழுதும் இவ்வகை எழுத்தின் வேலை. பழைய ஏற்பாட்டில் தானியேல் பேரரசுகளை மிருகங்களாகக் கண்டதும் அப்படித்தான்.

18இல் பாபிலோன் என்ற மறைபெயரில் ரோம் விழுகிறது. நடுவில் கணக்குப்பிள்ளை எழுதியதுபோல ஒரு சரக்குப் பட்டியல். பொன்னில் தொடங்குகிறது, முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, கோதுமை, குதிரை என்று இறங்குகிறது, கடைசியில் அடிமைகள், மனிதர்களின் ஆத்துமாக்கள். எது முதலில், எது கடைசியில் என்று பாருங்கள். ரோம் எதற்கு என்ன மதிப்புக் கொடுத்தது என்பது அந்த வரிசையிலேயே தெரிந்துவிடுகிறது. அழுகிறவர்கள் யார்? அரசர்கள், வியாபாரிகள், கப்பல்காரர்கள். செத்தவர்களுக்காக வியாபாரிகள் அழவில்லை, சரக்கு வாங்க ஆளில்லையே என்று அழுகிறார்கள்.

முத்து என்றதும் கொற்கை ஞாபகம் வருகிறது. அதே நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்தெடுத்தார்கள் என்கிறது. ரோமுக்கு முத்து ஏற்றுமதி செய்தோம் என்று நாம் மேடையில் பெருமை பேசும்போது இதைச் சொல்வதில்லை. பட்டியலின் கடைசிச் சரக்கு நம் துறையிலும் இருந்திருக்கிறது.

மிருகத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்தப் பட்டியலைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை. காணிக்கைப் பைக்கு அது ஒத்துவராதோ என்னவோ.