பிட்காயின் நோடு டிஸ்க்கை நிரப்பிவிட்டது: ப்ரூன் செய்வதா, புது டிஸ்க் வாங்குவதா?

கேள்வி: வீட்டுக் கணினியில் பிட்காயின் கோர் முழு நோடாக, அதாவது எல்லாப் பரிவர்த்தனைகளையும் தானே இறக்கிச் சரிபார்க்கும் மென்பொருளாக ஓடுகிறது. 1 டிபி எஸ்எஸ்டியில் இனி 40 ஜிபிதான் மிச்சம். பழைய பிளாக் கோப்புகளை (பரிவர்த்தனைத் தொகுப்புகள் இருக்கும் கோப்புகளை) அழித்துவிடலாமா? ப்ரூன் செய்தால், அதாவது பழைய பிளாக்குகளை நோடே அழிக்கும்படி விட்டால், பாதுகாப்பு குறையுமா? அல்லது 2 டிபி டிஸ்க் வாங்கிவிடுவதா? என் வாலட்டும் இதே கணினியில்தான் இருக்கிறது.

பதில்: எதையும் தொடுவதற்கு முன் வாலட்டை பேக்கப் எடுத்து, வேறொரு சாதனத்தில் வைத்துவிடுங்கள். பிளாக்குகள் போனால் நெட்டிலிருந்து திரும்ப வரும். வாலட்டில் இருக்கும் சாவிகள், அதாவது நாணயங்களைச் செலவழிக்கத் தேவையான ரகசிய எண்கள், போனால் பணமும் போயிற்று.

கோப்புகளைக் கையால் அழிக்கவே வேண்டாம். எந்த பிளாக் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று நோடு தனியே ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. நடுவே நாலு கோப்பு காணாமல் போனால் அது குழம்பி, எல்லாவற்றையும் மறுபடி இறக்கச் சொல்லிவிடும். அழிக்கும் வேலையை நோடே முறையாகச் செய்வதற்குப் பெயர்தான் ப்ரூனிங். 2015-ல் வந்த 0.11 பதிப்பிலிருந்தே அது இருக்கிறது.

பிளாக்குகள் எல்லாம் சேர்ந்த பிளாக்செயின் 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. சில ஆண்டுகளாக ஆண்டுக்கு 80, 90 ஜிபி கூடுகிறது. அந்தக் கணக்கில் உங்கள் 40 ஜிபி ஆறு மாதம்கூட வராது. ஆனால் புது பிளாக்கைச் சரிபார்க்க இந்தப் பழைய சரக்கு தேவையில்லை. அதற்கு வேண்டியது இன்னும் செலவாகாத நாணயங்களின் பட்டியல். செயின்ஸ்டேட் என்ற ஃபோல்டரில் இருக்கும் அது பத்து ஜிபிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ப்ரூன் செய்த நோடும் 2009-இன் முதல் பிளாக்கிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, அதே சோதனைகளைச் செய்துவிட்டுத்தான் பழையதை அழிக்கிறது. ஆகவே பாதுகாப்பு குறைவதில்லை. புதிதாகச் சேரும் நோடுகளுக்குப் பழைய பிளாக்குகளை உங்களால் கொடுக்க முடியாது. வலைப்பின்னலுக்கு அது ஒரு இழப்புதான்.

ப்ரூன் அளவில், அதாவது அழிக்காமல் வைக்கும் பிளாக்குகளுக்கு ஒதுக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். குறைந்தபட்சம் 550 எம்பி என்று பார்த்ததும் அதையே போட்டுவிடுகிறார்கள். அதில் ஏறக்குறைய இரண்டு நாள் பிளாக்குகள்தான் நிற்கும். ஒரு மாதத்துக்கு முன் எடுத்த வாலட் பேக்கப்பை மீட்க நேர்ந்தால், அந்தத் தேதியிலிருந்து இன்றுவரை உள்ள பிளாக்குகளை நோடு படித்துப் பார்க்க வேண்டும். அவை இல்லை என்றால் வாலட் திறக்காது. முழுச் சங்கிலியையும் மறுபடி இறக்க வேண்டியதுதான். நோடு ஓடிக்கொண்டிருக்க, வாலட்டை மட்டும் பல வாரம் திறக்காமல் வைத்தாலும் இதே கதி. 10 ஜிபி ஒதுக்கினால் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும், 50 ஜிபி என்றால் ஏறக்குறைய ஆறு மாதம். உங்களுக்கு 50-க்குக் குறையாமல் வையுங்கள் என்பேன். அப்போதும் 500 ஜிபிக்கு மேல் காலியாகும். செட்டிங்ஸில் ஆப்ஷன்ஸ் போய் ப்ரூன் என்பதை டிக் செய்து, அளவைக் கொடுத்து, நோடை மூடித் திறந்தால் போதும். மனம் மாறித் திரும்ப முழு நோடாக்க நினைத்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சரி, யார் ப்ரூன் செய்யக்கூடாது? எலக்ட்ரம் சர்வர் (எலக்ட்ரம் வாலட்டுகளுக்குத் தகவல் தரும் சர்வர்) நடத்துபவர்கள், பழைய பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்ப்பவர்கள், பழைய சாவிகளை அடிக்கடி இறக்குமதி செய்பவர்கள். டிஎக்ஸ்இண்டெக்ஸ் (txindex, எல்லாப் பரிவர்த்தனைகளையும் தேட உதவும் அட்டவணை) போட்டிருந்தாலும் ப்ரூன் ஓடாது. தேவையே இல்லாமல் அதைப் போட்டு வைத்திருந்தால், அணைத்துவிட்டு, நோடை மூடி, இண்டெக்ஸஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டிஎக்ஸ்இண்டெக்ஸ் ஃபோல்டரை அழியுங்கள். அதிலேயே பல பத்து ஜிபி கிடைக்கும்.

இந்தப் பட்டியலில் நீங்கள் இருந்தால் டிஸ்க் வாங்குங்கள். அதுவும் 2 டிபி எஸ்எஸ்டியாக இருக்க வேண்டியதில்லை. சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும், பிளாக்குகளை மட்டும் அதற்கு மாற்றினால். செயின்ஸ்டேட்டில் ஓயாமல் அங்குமிங்கும் படிக்க வேண்டியிருப்பதால் அது எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும். பிளாக் கோப்புகள் ஒருமுறை எழுதி, எப்போதாவது படிப்பவை. நோடை மூடிவிட்டு, புது டிஸ்க்கில் பிளாக்ஸ் (blocks) என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, பிஎல்கே (blk), ஆர்இவி (rev) என்று தொடங்கும் கோப்புகளை அதற்குள் நகர்த்துங்கள். பழைய பிளாக்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இண்டெக்ஸ் ஃபோல்டர் அங்கேயே இருக்க வேண்டும். 28-ஆம் பதிப்பிலோ அதற்குப் பிறகோ புதிதாக நிறுவியவர்களுக்கு எக்ஸ்ஓஆர்.டாட் (xor.dat) என்ற சின்னக் கோப்பும் இருக்கும். அதையும் சேர்த்து நகர்த்துங்கள். அது இல்லாமல் பிளாக்குகளைப் படிக்க முடியாது. அப்புறம் அமைப்புக் கோப்பில் (bitcoin.conf) பிளாக்ஸ்டிர் (blocksdir) என்பதற்கு எதிரே புது டிஸ்க்கின் பாதையைக் கொடுங்கள். பாதையின் கடைசியில் பிளாக்ஸ் என்று சேர்க்க வேண்டாம், நோடே சேர்த்துக்கொள்ளும்.