ரிங்குக்கு வெளியே நடுவர் வாய் திறக்கலாமா? கேள்வி பதில்

ஃபேஸ்புக்கில் சிப்பிப்பாறை நாய் ஒன்றின் போட்டோவுக்குக் கீழே, நாய்க் கண்காட்சி நடுவர் ஒருவர் "முன்னங்கால் சரியில்லை, முதுகு தொங்குகிறது" என்று எழுதப்போக, அது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி ஊர்ப்பேச்சாகிவிட்டது. அந்த நடுவர் யார் என்பது இங்கே தேவையில்லை. ரிங் ஸ்டூவர்டாக, அதாவது நாய்களை நிறுத்தித் தீர்ப்புச் சொல்லும் ரிங்கில் நடுவருக்கு உதவியாக, பல வருடம் நின்றவள், சொந்தமாகவும் நாய் காட்டுகிறவள் என்பதால் என்னிடம் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோவில்பட்டி வாசகர்: அக்கா, அது என் பெட்டைதான். அதே நபர்தான் அடுத்த ஷோவில் எங்கள் இனப் பிரிவுக்கு நடுவர். என்ட்ரி போடலாமா, விட்டுவிடலாமா?

விட்டுவிடுங்கள் தம்பி. தோற்றுவிடும் என்று பயந்து சொல்லவில்லை. ஜெயித்தாலும் அந்தப் பரிசு உங்களுக்கு இனிக்காது. தோற்றால், "முன்னாடியே முடிவு பண்ணிட்டார்" என்பார்கள். ஜெயித்தால், "பேச்சு கிளம்பினதும் பயந்து கொடுத்துட்டார்" என்பார்கள். அந்த ஒரு வரியை எழுதியபோதே, உங்கள் நாயை நியாயமாகப் பார்க்கும் வாய்ப்பை அவர் தொலைத்துவிட்டார். வேறு நடுவர் வரும் ஷோவுக்குப் போங்கள்.

போட்டோவையும் பார்த்தேன். ஆள் நின்றபடி செல்போனில் மேலிருந்து கீழாக எடுத்தது. பக்கத்தில் நின்று அப்படி எடுத்தால் எந்த நாய்க்கும் தலை பெரிதாகவும், பின்பாகம் சிறுத்தும், கால் குட்டையாகவும்தான் தெரியும். போதாததற்குத் தரை மேடு பள்ளம். முன்னங்கால் ஊன்றிய இடத்தில் மண் அரை விரல் இறங்கியிருக்கிறது. அந்தப் படத்தில் முதுகைப் பற்றிச் சொல்வதெல்லாம் மண்ணைப் பற்றிச் சொல்வதுதான்.

ரிங்கில் நடப்பது வேறு. நடுவர் கை வைத்துத் தோள்பட்டை எலும்பின் சாய்வைத் தடவிப் பார்ப்பார். உதட்டைத் தூக்கிப் பல்வரிசை பார்ப்பார். கடுவன் (ஆண் நாய்) என்றால் விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் நேராகப் போய்த் திரும்பி வரச் சொல்வார், முக்கோணமாக ஓடவிடுவார். முன்னங்கால் முட்டி வெளியே வீசுகிறதா, பின்கால் ஒரே கோட்டில் வருகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு வளர்த்த நாய். அதன் அழகே ஓட்டத்தில்தான் இருக்கிறது. நிற்கிற போட்டோவை வைத்து அதற்குத் தீர்ப்பு எழுதுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

மதுரை வாசகர்: நடுவருக்குக் கருத்துச் சுதந்திரம் கிடையாதா? அவரும் நாய்ப் பிரியர்தானே?

உண்டு. ஆனால் அவர் சொல்லுக்கு எடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டீக்கடையில் நானும் நீங்களும் ஒரு நாயைக் குறை சொன்னால் அது அரட்டையோடு போய்விடும். நடுவர் சொன்னால் அந்த நாயின் குட்டி விலையே இறங்கும். ரிங் கொடுத்த எடை அது. ரிங்குக்கு உண்டான கட்டுப்பாடு மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

உலக அளவில் பல நாட்டு கென்னல் கிளப்புகளை (நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கங்கள்) சேர்த்து வைத்திருக்கும் எஃப்சிஐ, தன் நடுவர்களுக்கு வைத்திருக்கும் விதிகளைப் படித்தால் இது புரியும். தீர்ப்புச் சொல்லி முடிக்கும்வரை கேட்லாக்கை (நாய், உரிமையாளர் பெயர்ப் பட்டியல்) பார்க்கக் கூடாது. ரிங்கில் செல்போன் கூடாது. "என்னை நடுவராகக் கூப்பிடுங்கள்" என்று தானே போய்க் கேட்கக் கூடாது. எந்த நாய் யாருடையது என்று தெரியாத மாதிரி வேலை நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்லாக்கையே மறைக்கிறார்கள். அப்படியிருக்க, உரிமையாளர் பெயரோடு வரும் ஃபேஸ்புக் பதிவில் போய் நாயை அலசினால் அந்த விதிக்கு என்ன மரியாதை?

திருச்சி வாசகர்: வெளிநாட்டில் நடுவர்கள் நாயின் குறைகளை எழுத்திலேயே தருகிறார்களே மேடம். அது மட்டும் சரியா?

நல்ல கேள்வி. அதை கிரிட்டிக் என்பார்கள். எஃப்சிஐ முறையில் நடக்கும் ஷோக்களில் நாய்க்கு எக்ஸலண்ட், வெரி குட், குட், சஃபிஷியன்ட் என்று தரம் போட்டு, கூடவே கருத்தும் எழுதித் தருவதுண்டு. பிரிட்டனில் வென்ற நாய்களைப் பற்றி நடுவர் எழுதும் கிரிட்டிக் வெளியாகும். அதைப் படிப்பதற்கென்றே அங்கே ஒரு கூட்டம் உண்டு. அமெரிக்காவில் அந்த வழக்கம் கிடையாது. அங்கே ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 25 நாய் பார்த்து முடிக்க வேண்டும். ஒரு நாய்க்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை, இதில் எங்கே எழுதுவது?

கிரிட்டிக்கை நான் ஆதரிக்கிறேன். அதில் நடுவர் நாயைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், அன்றைக்கு எதிரே நின்ற மற்ற நாய்களோடு ஒப்பிட்டிருக்கிறார். நீங்களும் காசு கட்டி, "சொல்லுங்கள்" என்று கேட்டுத்தான் நாயைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள். கேட்காதவர் வீட்டு நாய்க்கு, பார்க்காமலே எழுதுவதற்கு கிரிட்டிக் என்று பெயர் வைக்க முடியாது.

சென்னை வாசகர்: குறை சொல்வது தப்பு, சரி. பாராட்டினால் என்ன குறைந்துவிடும்?

பாராட்டுதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது. குறை சொன்னால் ஒருவருக்குத்தான் மனத்தாங்கல். "என்ன ஒரு கடுவன்! அடுத்த சாம்பியன் இதுதான்" என்று ஒரு நடுவர் எழுதினால், அதே ரிங்கில் நிற்கப்போகும் மற்ற அத்தனை பேருக்கும் மனத்தாங்கல். பிரீடர் (நாயை வளர்த்துக் குட்டி விற்பவர்) அந்தக் கமெண்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குட்டி விற்பனை விளம்பரத்தில் போட்டுவிடுவார். போடாத பிரீடரை நான் பார்த்ததில்லை. அப்புறம் அந்த நடுவர் காசு வாங்காமலே விளம்பர மாடல்தான்.

அதே வாசகர்: லைக் போடுவது?

ஷோவுக்கு நடுவராக ஒப்புக்கொண்ட நாளிலிருந்து, அங்கே வரக்கூடிய நாய்களுக்கு அதுவும் வேண்டாம்.

ராஜபாளையம் வாசகர்: எங்கள் நாய்க்கு மூக்கில் கருமை கலந்திருக்கிறது. "இது கலப்பு" என்று ஒரு நடுவர் பொதுவில் எழுதிவிட்டார். முன்பணம் கொடுத்த இரண்டு பேர் குட்டி வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்வது?

ராஜபாளையம் என்றதும் எல்லோரும் எதிர்பார்ப்பது பால்வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும்தான். 2005இல் வெளிவந்த தபால்தலை உட்பட நம் கண்ணில் பதிந்திருக்கும் உருவம் அது. ஆகவே கருமூக்கை ரிங்கில் குறையாகக் குறிப்பதில் தவறில்லை, உங்கள் நாய் அங்கே பின்தங்கவும் செய்யும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் "ஸ்டாண்டர்டுக்கு (இனம் எப்படி இருக்க வேண்டும் என்ற எழுத்து வரையறை) ஒத்துவரவில்லை" என்பது வேறு, "கலப்பு" என்பது வேறு. முன்னது தோற்றத்தைப் பற்றிய கருத்து. பின்னது அதன் தாய் தகப்பனைப் பற்றிய குற்றச்சாட்டு. மூக்கைப் பார்த்து அதைச் சொல்ல யாராலும் முடியாது.

முதலில் அந்த இரண்டு பேருக்கும் பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள். தாய் தகப்பன் இரண்டையும் நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, கமெண்டைத் தேதியோடு சேமித்து, நடுவருக்கு ஒரு தனிச்செய்தி: "இந்தச் சொல்லுக்கு ஆதாரம் என்ன? இல்லையென்றால் நீக்குங்கள்." அவ்வளவுதான், வசை வேண்டாம். கேட்கவில்லையென்றால் சென்னையில் இருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவுக்கு எழுத்தில் புகார். அவதூறு வழக்கு பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் வரும் (பழைய ஐபிசி 499, 500). ஆனால் இரண்டு குட்டிக்காகக் கோர்ட் படி ஏறுவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். என் யோசனை கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்பேன்.

கோவை வாசகர் (கால்நடை மருத்துவ மாணவி): நாய் நடக்கவே சிரமப்படுகிறது, மூச்சு திணறுகிறது. அப்போதும் நடுவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா மேடம்?

இருக்கக் கூடாதம்மா. ஆனால் பேச வேண்டிய இடம் ரிங். நடுவர் கையில் இருக்கும் பெரிய ஆயுதமே பரிசை நிறுத்தி வைப்பதுதான். நாய் தகுதியில்லை என்றால் யாருக்கும் முதலிடம் தராமல் விடலாம். அதைச் செய்யத் தைரியம் இல்லாமல் பரிசையும் கொடுத்துவிட்டு, இரவு வீட்டில் உட்கார்ந்து "இந்த இனம் கெட்டுப்போச்சு" என்று பதிவு போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்மேல் எனக்குத் துளியும் மரியாதை இல்லை.

பிரிட்டனில் நடந்த இரண்டைச் சொல்கிறேன். 2012இல், அங்கே நடக்கும் பெரிய நாய்க் கண்காட்சியான கிரஃப்ட்ஸில், உடல்நலக் கவலை அதிகம் உள்ள 15 இனங்களில் இனத்தின் முதல் பரிசு பெற்ற நாயை மருத்துவர் பார்த்த பிறகே பரிசு உறுதி என்று கொண்டுவந்தார்கள். புல்டாக், பெக்கினீஸ் உட்பட ஆறு இனங்களின் வெற்றி நாய்கள் அதில் தேறவில்லை. பெரிய சண்டை நடந்தது, ஆனால் சண்டை விதியைப் பற்றி. 2016இல் அதே கிரஃப்ட்ஸில் இனத்தின் முதல் பரிசு வாங்கிய ஜெர்மன் ஷெப்பர்டு, பின்பாகம் சரிந்து தடுமாறி நடந்த வீடியோ உலகமெல்லாம் பரவியது. கேள்வி நியாயமானது. பிறகு அங்கே, யாரும் தாங்கிப் பிடிக்காமல் நாய் தானாக நிற்க வேண்டும் என்று ஸ்டாண்டர்டிலேயே சேர்த்தார்கள். ஆனால் அந்த நாட்களில் வசவெல்லாம் போய் விழுந்தது நாயின் உரிமையாளர்மேல். பரிசு கொடுத்த ரிங்கைக் கேட்டவர்கள் குறைவு.

சேலம் வாசகர்: நான் நடுவர் பயிற்சியில் இருக்கிறேன். அப்படியென்றால் எதைத்தான் எழுதலாம்?

நிறைய எழுதலாம். ஸ்டாண்டர்டை விளக்குங்கள். தோள் சாய்வு என்றால் என்ன என்று கோட்டோவியம் போட்டுக் காட்டுங்கள். நம் ஊர் வேட்டை நாய்களான கன்னிக்கும் பால்கன்னிக்கும் நிறத்தில் என்ன வித்தியாசம் என்று புதியவர்களுக்குச் சொல்லுங்கள். உதாரணம் வேண்டுமென்றால் உங்கள் சொந்த நாயின் குறையைக் காட்டுங்கள். அதைச் செய்யும் நடுவரை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். யாராவது இன்பாக்ஸில் "என் நாய் எப்படி சார்?" என்று போட்டோ அனுப்பினால், "ஷோவுக்குக் கொண்டு வாருங்கள், பார்க்கிறேன்" என்ற ஒரே பதிலை எல்லோருக்கும் அனுப்புங்கள். இன்னொரு நடுவரின் தீர்ப்பைப் பற்றி எங்கேயும், குடும்ப குரூப்பில்கூட, பேசாதீர்கள்.

நாகர்கோவில் வாசகர்: தோற்றுப்போனால் நாங்கள் நடுவரைத் திட்டிப் பதிவு போடலாமா?

ஆசை எல்லோருக்கும் இருக்கும். அன்றைக்குப் போடாதீர்கள். எல்லா வகுப்பும் முடிந்து நடுவர் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்வார், அப்போது போய், "என் நாயில் எதை இன்னும் சரி செய்யணும் சார்?" என்று கேளுங்கள். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் மூடிக்கொள்வார்கள், இப்படிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். விதிமீறல் என்று உறுதியாகத் தெரிந்தால் ஷோ செக்ரட்டரியிடம் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். நடைமுறை ஷோ ஷெட்யூலில் (ஷோவின் விதிகளோடு முன்கூட்டியே தரும் அறிவிப்பு) இருக்கும், மைதானத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் படித்துவிடுங்கள்.

மறுபடியும் கோவில்பட்டி வாசகர்: அக்கா, அவர் அந்தக் கமெண்டை நேற்று நீக்கிவிட்டார். இப்போது என்ட்ரி போடலாமா?

நீக்கியது நல்லது, நீங்களும் ஸ்கிரீன்ஷாட்டைப் பரப்புவதை நிறுத்திவிடுங்கள். இந்த ஷோவுக்கு மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் பெட்டையைச் சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, நாயின் முதுகு உயரத்துக்கு போனை இறக்கி, நாலு எட்டு தள்ளி உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நான் நடுவர் இல்லை, ஆகவே என்ன தோன்றுகிறதோ தனியாகச் சொல்கிறேன்.