ஓடையோரப் பூக்கள்: கேள்வி பதில்

கே: வாய்க்கால் கரையில் கத்தரிப்பூ நிறப் பூ, கணுவுக்குக் கணு நீள முள். என்ன செடி?

ப: நீர்முள்ளி. விதையை நீரில் போட்டால் வழவழவென்று ஒட்டும். மயில் வசீகரன் பட்டாம்பூச்சியின் புழு இதன் இலையைத் தின்றும் வளரும். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று மொத்தமாகச் செதுக்கிவிடாதீர்கள்.

கே: குளம் நிறைய ஊதாப்பூ. தொட்டியில் வளர்க்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். அது வெங்காயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை மூடிக்கொண்டிருக்கிறது. ஒரு செடி வாய்க்காலில் விழுந்தால் போதும்.

கே: சங்கப் பாட்டில் வரும் நெய்தல் எந்தப் பூ?

ப: நீல அல்லி என்பதே என் முடிவு. குறுந்தொகை 9ஆம் பாட்டில், பச்சை இலைகளுக்கு மேலே உயர்ந்து நிற்கும் நெய்தல், கடலோரக் கழியில் ஓதம் (கடல்நீர்) ஏறும்போதெல்லாம் குளத்தில் மூழ்கும் பெண்களின் கண்போலத் தெரிகிறது. மிதக்கும் இலை, அதற்கு மேலே தனித்தண்டில் ஒற்றைப்பூ. நீல அல்லியைக் கரையில் நின்று பார்த்தவருக்கு இது உடனே புரியும்.

கே: ஒப்புக்கொள்ள மாட்டேன். கழி உப்புநீர், அல்லி நன்னீர்ச் செடி. நெல்வயலில் நீலப்பூ பூக்கும் கருங்குவளைதான் நெய்தல்.

ப: உப்பு பற்றிய கேள்வி நியாயமானது. ஆனால் கருங்குவளையும் நன்னீர்ச் செடிதானே? உப்பு அல்லிக்குத் தடை என்றால் அதற்கும் தடை. மழைக்காலத்தில் ஆற்றுநீர் வந்து சேரும்போது கழியின் உள்விளிம்பில் உப்பு குறையும். அங்கே அல்லி நிற்க இடமுண்டு. அப்புறம், கருங்குவளையில் சின்னப் பூக்கள் இலைக்காம்பிலிருந்து கொத்தாக வரும். கண்ணுக்கு உவமை சொல்லக் கொத்துப்பூ பொருந்துமா? சிலர் நெய்தலும் குவளையும் ஒன்றே என்கிறார்கள். பூக்களை வரிசையாகச் சொல்லும் சங்கப் பாட்டான குறிஞ்சிப்பாட்டு இரண்டையும் தனித்தனியாக அடுக்குகிறது.

கே: அல்லியா தாமரையா, எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: இலையைப் பாருங்கள். அல்லி இலையில் ஒரு பிளவு இருக்கும். தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவில்.

கே: இந்த மஞ்சள் பூ கரிசாலையா? (மூன்று பேர்)

ப: பூவை மட்டும் படமெடுத்து அனுப்பினால் சொல்ல முடியாது. இலை, கணு, நின்ற இடம் மூன்றும் வேண்டும். அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி ஒன்றும் ஈரமான இடங்களில் இதே மஞ்சளில் படர்கிறது. படத்தை நம்பிக் கீரையாகச் சமைக்காதீர்கள்.

கே: நீர்முள்ளி விதை எத்தனை கிராம் சாப்பிடலாம்?

ப: சித்த மருத்துவரைக் கேளுங்கள்.

கே: ஓடையோரம் ரோஸ் நிறத்தில் புனல் போலப் பூ, ஒடித்தால் பால். ஆடு தின்னலாமா?

ப: கூடாது. அது நெய்வேலிக் காட்டாமணக்கு. தொடர்ந்து தின்றால் ஆட்டுக்கு நரம்பு கெட்டு நடை தள்ளாடும். தள்ளாடினால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வெட்டினால் தண்டுத் துண்டை ஈரத்தில் போடாதீர்கள், அங்கேயே வேர் விடும்.