தெரிந்தவர் தரும் பொட்டலத்தை விமானத்தில் கொண்டுவரலாமா?

சென்னையிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பும்போது, பக்கத்து வீட்டு அக்காவின் உறவினர் தரும் பொட்டலத்தை வாங்கி வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரித்துப் பார்க்காமல் தொடாதீர்கள். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி, பை உங்கள் கையில் இருந்தால் உள்ளே இருப்பதும் உங்களுக்குத் தெரியும் என்றே அனுமானிப்பார்கள். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. கடத்தல் என்று கருத 15 கிராம் ஹெராயின் போதும்; மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியின் எடை! கட்டாயத் தூக்கு 2023இல் நீங்கியது. ஆனாலும் தூக்கா, 30 முதல் 40 ஆண்டு வரை சிறையா என்பது நீதிபதியின் கையில்.

அக்கா நல்லவர்தான், அந்த உறவினருக்கு யார் கொடுத்தார்களோ? புடவை மடிப்பிலுள்ள அட்டையையும் ஊறுகாய் டப்பாவின் அடியையும் தடவிப் பாருங்கள். ஒட்டிய பெட்டியென்றால் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.