தீக்காயத்துக்குத் தோல் ஒட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இனி எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேட்டவர் கவுந்தப்பாடிப் பக்கம். கரும்புச்சாறு காய்ச்சி வெல்லம் எடுக்கும் ஆலக்கொட்டாயில் பாகு தெறித்து அவர் தம்பிக்குக் கழுத்தும் மார்பும் வலது கையும் வெந்துவிட்டதாம். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். என்ன கொடுப்பது, எதைத் தடவுவது என்று கேட்கிறார். கோவையில் தீக்காய வார்டில் நர்ஸாக இருக்கிறேன். வார்டில் நாங்கள் பாடுபட்டு நிமிர்த்தி அனுப்புவதை வீட்டில் பாசத்தால் மடக்கிவிடுகிறார்கள். அதனால் தடவுவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அவர் தலைக்கு அடியில் இருக்கும் தலையணையை எடுங்கள். கழுத்து வெந்தவருக்குத் தலையணை ஆகாது. ஒரு துண்டைச் சுருட்டித் தோள்பட்டைக்கு அடியில் கொடுத்தால் தலை பின்னால் சாய்ந்து கழுத்தின் முன்பக்கம் விரிந்து நிற்கும். இது அவருக்குப் பிடிக்காது. தாடையைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி, கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால்தான் வலி அடங்கும். "பாவம் சாமி, இப்பத்தான் கண்ணசந்தான், அப்படியே கெடக்கட்டும்" என்று அம்மா சொல்லுவார். எந்த நிலை சுகமாக இருக்கிறதோ அந்த நிலையிலேயே தோல் சுருங்கி இறுகும். தாடை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, கீழ் உதடு தொங்கி, அண்ணாந்து பார்க்க முடியாமல் மறுபடி ஆபரேஷனுக்கு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறோம். கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு, கை உடம்பிலிருந்து 90 டிகிரி விலகி நீண்டு இருக்கும்படி வையுங்கள். தலையிலிருந்து எடுத்த தலையணை அதுக்கு ஆச்சு.

விரல்களைச் சேர்த்துக் கட்டக் கூடாது. ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் துணி வேண்டும், இல்லாவிட்டால் புண் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கையை அசைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், சோறு அவரே பிசைந்து சாப்பிடட்டும். சட்டையெல்லாம் சிந்தினாலும் பரவாயில்லை, ஊட்டிவிடாதீர்கள். பிசியோதெரபிக்காரர் சொல்லித்தரும் பயிற்சியை அவர் திட்டிக்கொண்டே செய்தாலும் செய்ய வையுங்கள்.

அடுத்து சாப்பாடு. எங்கள் பெரிய சண்டை இதில்தான். முட்டை சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும், கறி தின்றால் அரிக்கும், தயிர் சளி என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அரிசிக் கஞ்சியும் ரசமும் கொடுப்பார்கள். நாமக்கல் முட்டை ஊரெல்லாம் போகுது, நம்ம வார்டுக் கட்டிலுக்கு மட்டும் வராது. கொள்ளுப்பருப்பு கடைந்து கொடுங்கள் என்றால், "அது சூடுங்க சிஸ்டர், ஏற்கெனவே சூட்டுல வெந்தவனுக்கு கொள்ளா?" என்று ஒரு அப்பத்தா என்னையே மடக்கினார். பெரிய தீக்காயம் பட்ட உடம்பு அடுப்பு அணையாமல் எரிகிற மாதிரி, இருக்கிற சதையைக் கரைத்து எரிக்கும். கிலோவுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முட்டை, மீன், கறி, பால், தயிர், பயறு, கொள்ளு, கடலை என்று எதையும் விடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். கிட்னிக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வையுங்கள்.

இனி புண். வீட்டில் டிரஸ்ஸிங் மாற்றச் சொல்லியிருந்தால் வலி மாத்திரையை அரைமணி நேரம் முன்னாடியே கொடுங்கள். ஒட்டியிருக்கும் துணியைப் பிய்க்காதீர்கள், காய்ச்சி ஆறிய தண்ணீர் விட்டு ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். சில்வர் சல்ஃபாடயசின் என்கிற வெள்ளை மருந்து கொடுத்திருந்தால், மறுநாள் புண்மேல் மஞ்சளும் வெள்ளையுமாகக் கொழகொழவென்று ஒரு படலம் நிற்கும். சீழ் வைத்துவிட்டது என்று பதறி வருவார்கள். பெரும்பாலும் அது மருந்தும் புண்ணிலிருந்து வடிந்த நீரும் சேர்ந்த படலம்தான், மெதுவாகக் கழுவினால் போய்விடும். துணியில் பச்சை நிறம், கெட்ட வாடை, காய்ச்சல், சுற்றித் தோல் சிவந்து பரவுவது, ஒட்டிய தோல் கறுப்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள்.

தோல் எடுத்த தொடை, வெந்த இடத்தைவிட அதிகம் வலிக்கும். அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவிழ்க்காதீர்கள். இரண்டு வாரம் போல ஆகும்போது அடியில் ஆறி, ஓரத்திலிருந்து தானே விடும்.

ஆறிய பிறகு அரிப்பு வரும். ராத்திரி தூக்கமே போய்விடும். நகத்தை ஒட்ட வெட்டி, புண் முழுக்க மூடிய இடத்தில் தேங்காய் எண்ணெய் அழுத்தித் தேய்த்து, பருத்திச் சட்டை போடுங்கள். அடங்காவிட்டால் மாத்திரை இருக்கிறது. தழும்பு தடிக்காமல் இருக்கப் பிரஷர் கார்மென்ட் என்று இறுக்கமான சட்டை அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பார்கள். குளிக்கும் நேரம் போக ஏறத்தாழ 23 மணி நேரமும், ஒரு வருஷத்துக்கு மேலும் போட வேண்டியிருக்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் அது தண்டனைதான். பாதிப்பேர் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார்கள், மாட்டினவர்கள் தழும்போடு வருகிறார்கள்.

பார்க்க வருகிற சனத்தைத் திண்ணையோடு நிறுத்துங்கள். கட்டிலில் உட்கார்ந்து, புண்ணைத் தொட்டு, "அய்யோ மூஞ்சி இப்படியாச்சே கண்ணு" என்பவர்களால் ஆகிற கெடுதல் கொஞ்சமல்ல.

வேறு யாராவது இதைத் தேடி வந்திருக்கலாம், அவர்களுக்கு ஒரு வார்த்தை. பாகு கொட்டினால் தோலில் ஒட்டிக்கொண்டு வெந்துகொண்டே இருக்கும், உடனே தண்ணீர் விடுங்கள். எந்தச் சூடு பட்டாலும் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும், ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல், மெட்டியை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஈரோட்டு மஞ்சள் குழம்புக்கு நல்லது. புண்ணில் அப்பிக்கொண்டு வந்தால் ஆழம் தெரிய அதைச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும், அந்த வலி உங்களுக்குத்தான். பட்டவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பில் சுமார் 1 சதவீதம். பெரியவருக்கு 15, குழந்தைக்கு 10 உள்ளங்கைக்கு மேல் வெந்திருந்தால் நரம்பில் திரவம் ஏற்றியாக வேண்டும். முகம், கை, பாதம், மர்ம உறுப்பு என்றால் அளவு பார்க்காமல் கிளம்புங்கள்.

வாழை இலையில் படுக்க வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நம்ம பெரியவங்க செய்தது தப்பில்லை, இலை புண்ணில் ஒட்டாது. வலிப்பு மாத்திரை ஒத்துக்காமல் உடம்பு முழுக்கத் தோல் உரிந்து வருகிறவர்களையும் தீக்காயக்காரர் போலத்தான் பார்ப்போம், அவர்களையும் இலையில் கிடத்துவது உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் கிருமி நீக்கிய இலை. தோட்டத்தில் அறுத்ததை அப்படியே விரிக்காதீர்கள்.

அடுத்த பருவத்துக்கு ஆலைக்குப் போகலாமா என்று தம்பி கேட்பார். ஒட்டிய தோலில் வேர்வை வராது, பாகு காய்ச்சும் கொப்பரைப் பக்கம் நின்றால் சீக்கிரம் தலை சுற்றும். கரும்பு வெட்டவும் வெயில் ஆகாது, தழும்பு கறுத்துப்போகும். கணக்கு எழுதுகிற வேலை இருந்தால் பேசிப் பாருங்கள்.